செம்பும் பொன்னும்



ஆன்மாவை அநாதியே பற்றி நிற்கும் ஆணவமலத்தை மாணவர்க்கு விளக்கப் புகும்போது, நெல்லின் உமியையும் கடல்நீரின் உப்பையும் செம்பின் களிம்பையும் உவமையாக எடுத்துக் காட்டுதல் நம்மவர் வழக்கம். முதலிரண்டையும் பிள்ளைகள் தடையின்றி ஏற்றுக்கொள்வர். மூன்றாவதே இக்காலத்தில் இடர்ப்படுகின்றது. காலையிலே விஞ்ஞானபாடத்தில், தூய செம்பு செந்நிறமுடையதென்றும், ஈரக்காற்றிற் கிடந்த பின்னரே அதன்மேற் பச்சை படர்கின்றதென்றும் கற்பிக்கின்றோம். மாலையிலே சமயபாடத்தில், களிம்பு செம்போடு உடனாய் உள்ளது, இடையில் வந்ததன்று என்று கற்பிக்கின்றோம். இரண்டையுங் கேட்ட மாணவனொருவன் எழுந்து, "ஐயா, இவற்றுள் எது மெய்?" என்று வினவுவானாயின், அவனுக்கு யாது விடை சொல்வோம்? அதட்டி இருத்துவோமாயின், விஞ்ஞானம் ஆராய்தற்குரியது, சமயம் ஒப்புவித்தற்குரியது என்று அவன் அன்றே தன்னுள் முடிவு செய்துகொள்வான். பின்பு நாம் எத்தனை புராணபடனஞ் செய்யினும் அவனுள்ளம் மீளுதல் அரிது. ஆதலின் அவ்வினாவை ஈண்டு எடுத்து ஆராய்வாம்.

செம்பையும் பொன்னையும் அருகருகே வைத்துப் பார்த்தல் இதற்கு நல்வழியாம். இவ்விரண்டும் ஒரு குடும்பத்தன. மூலகங்களை அணுவெண் முறையாக நிரைப்படுத்திய ஆவர்த்தன அட்டவணையிலே செம்பு, வெள்ளி, பொன் என்னும் மூன்றும் ஒரே கூட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. செம்பின் அணுவெண் 29. பொன்னின் அணுவெண் 79. ஏனை உலோகங்கள் பெரும்பாலும் வெண்மையோ சாம்பர்நிறமோ உடையனவாயிருக்க, இவையிரண்டும் தமக்கெனத் தனிநிறம் உடையன. செம்பு 1085 பாகை சதமத்திலும் பொன் 1064 பாகையிலும் உருகும். இடைவெளி 21 பாகையே. இரண்டும் தகடாய்த் தட்டவும் கம்பியாய் இழுக்கவும் இசைவன. ஒரு கிராம் பொன்னை ஏறக்குறைய ஒரு சதுர மீற்றர் பரப்புடைய தகடாக அடிக்கலாம். நிறையில் மாத்திரம் பெரிதும் வேறுபடும். ஒரே அளவான நீரிலும் செம்பு ஏறக்குறைய 9 மடங்கு பாரமானது. பொன்னோ 19 மடங்குக்கும் மேற்பட்டது.

இங்ஙனம் ஒத்த இரண்டும் காற்றின் முன்னிலையில் முற்றும் வேறாகின்றன. பொன்னை ஒட்சிசனும் ஈரமும் தாக்கமாட்டா. நைத்திரிக்கமிலமும் தனித்து நின்று அதனைக் கரைக்கமாட்டாது. ஐதரோகுளோரிக்கமிலத்தோடு கலந்து இராசநீராய பின்னரே கரைக்கும். எகிப்து தேசத்திலே 1922ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையின் பொன்முகமூடி, 3,000 ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தும் ஒளி மழுங்காமல் வெளிப்பட்டது. செம்போ, அதே காற்றில் முதலிற் கபிலநிறமாய்க் கறுத்து, நாட்செல்லக் காபனீரொட்சைட்டும் ஈரமுஞ் சேரப் பச்சைக் களிம்பு பூக்கும். கடலோரங்களில் உப்புக்காற்றின் குளோரைட்டும் அதனோடு கூடும். தயிரும் புளியும் ஊறினால் ஓரிரவிலேயே கைப்பேறி நஞ்சாம். சமைக்குஞ் செப்புப்பாத்திரங்களுக்கு உள்ளே ஈயம் பூசுவது இதுபற்றியே.

காற்று இரண்டுக்கும் பொது. பொன் களிம்பேறாமையும் செம்பு களிம்பேறுதலும் அவ்வவற்றின் இயல்பு. ஆகவே களிம்புக்குக் காற்று துணைக்காரணமே. களிம்பை ஏற்குந் தன்மை செம்பினுள்ளே உள்ளது என்று மாணவனுக்கு முதற்கண் கூறலாம். ஆயினும் இவ்வளவில் நிற்பின் விடை அரைகுறையாம். கூரிய மாணவன், "காற்றில்லாத இடத்தில் வைத்தாற் களிம்பில்லையே, அங்ஙனமாயின் அநாதியென்றது எங்ஙனம்?" என்பான். அவன் கேட்பது நியாயமே.

எமக்கு இரசாயனங் கற்பித்தவர்கள் மிஷன் பாடசாலை ஆசிரியர்கள். அவர்கள் நன்றாகவே கற்பித்தார்கள். அந்நன்றியை யாம் மறந்திலேம். அவர்களுள் ஒருவர் இவ்வுவமையை எடுத்து வகுப்பில் நகையாடியதும் உண்டு. அந்நகைக்கு மறுமொழி, அவர்கள் கற்பித்த இரசாயனத்துள்ளேயே இருக்கின்றது. அஃதெங்ஙனமெனின், கூறுதும்.

செம்பு பிறப்பிலேயே துலக்கிய பாத்திரமாய் வருவதன்று. மண்ணினுள்ளே அது பெரும்பாலும் கந்தகத்தோடும் ஒட்சிசனோடும் காபனோடும் பிணைந்து, கல்லோடு கல்லாய்க் கிடக்கின்றது. அக்கற்களுள் மலகைற்று என்பது ஒன்று. அது நல்ல பச்சை நிறமுடையது. அதனைப் பகுத்து நோக்கின், செம்பும் காபனும் ஒட்சிசனும் ஐதரசனும், ஈரக்காற்றாற் செம்பின்மேற் படருங் காபனேற்றுக் களிம்பில் எவ்வாறு கூடியுள்ளனவோ அவ்வாறே அதனுள்ளுங் கூடியிருத்தல் புலனாம். கன்னான் கையில் வருமுன்னரே, சுரங்கத்தில் வெட்டுமுன்னரே, செம்பு களிம்பாய்க் கிடந்தது என்பது இதனாற் பெறப்படும். நாம் காணுஞ் செந்நிறமே இடையில் வந்தது. வட அமெரிக்காவிலே சுப்பீரியர் ஏரிக்கரையிற்போலத் தனிச்செம்பு கிடைக்கும் இடங்களும் சிலவுள. அதனை மறைத்தல் ஆகாது. பொன்னோவெனின் பெரும்பாலும் தனித்தே, ஆற்றுமணலிலும் பாறைவெடிப்பிலும் பொன்னாகவே கிடப்பது.

இனி, அக்கல்லிலிருந்து செம்பு வெளிப்படும் முறை இன்னுஞ் சிறந்தது. மலகைற்றைச் சுட்டால் நீராவியும் காபனீரொட்சைட்டும் நீங்கிக் கரியநிறப் பொடியாகும். அது செப்பொட்சைட்டு. அதனின்று செம்பைப் பெறுதற்கு, அடுப்புக்கரியைக் கூட்டிச் சுடல் வேண்டும். கரி தன் பற்று மிகுதியால் ஒட்சிசனைத் தான் கவர்ந்து வாயுவாய் நீங்கும்; செம்பு நிற்கும். தன்னைப் பிணித்ததைச் செம்பு தானே உதறமாட்டாது, பிறிதொன்று வந்தே நீக்கல் வேண்டும் என்பதை இதனினும் விளங்கக் காட்டும் சோதனை யாதுளது? புளியிட்டு விளக்கும் வீட்டுவேலையும் ஒருவாற்றாற் களிம்பை நீக்குவதே. ஆயின் அது மேற்றோலை மாத்திரங் கரைப்பது; வெள்ளிதோறும் விளக்கவேண்டும்.

இவ்விடத்தில் ஆசிரியர்களிற் சிலர் செய்யுமொன்றைச் சுட்டவேண்டும். பொன் உயர்வு, செம்பு இழிவு என்று இவ்வுவமையை விரித்துச் செம்பைத் தூற்றுகின்றார்கள். அது பொருந்தாது. மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு அடுத்தது செம்பு. பொன் அதற்கும் பின்னதே. நம் வீடுகளுக்கு விளக்கொளி தருங் கம்பி செம்பேயன்றிப் பொன்னன்று. நுண்கருவிகளின் இணைப்புமுனைகளிற் பொன்பூசுவது, அது களிம்பேறாமைபற்றியே. தனிப்பொன் மெத்தென்றது, அணியாய் நிற்கமாட்டாது. 22 காரற்றுப் பொன் என்பது 24 பங்கில் இரண்டு பங்கு செம்பு முதலிய பிறவுலோகங் கலந்தது. நகையை நெருப்பிலிட்டாற் கறுப்பது அதிலுள்ள செம்பேயாயினும், அந்நகைக்கு உறுதி தருவதும் அதுவே. பொன்னை வாரி வழங்கிய சோழமன்னர், தம் கொடையைச் செம்பிலே எழுதுவித்தனர். இராசேந்திரசோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 இதழ்களாய் இன்றும் உள்ளன. 1907ஆம், 1908ஆம் ஆண்டுகளிலே பொலநறுவையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சைவத் திருமேனிகளும் செம்பு மிகுந்த கலவையால் வார்க்கப்பட்டவையே. களிம்பு வேறு, செம்பு வேறு. மலத்தை வெறுப்பதற்கு ஆன்மாவை இகழவேண்டியதில்லை.

உவமை ஒருபுடை ஒப்புமையுடையது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும். கரியினால் விடுபட்ட செம்பு, காற்றிற் கிடப்பின் மீண்டுங் களிம்பேறும்; முத்திபெற்ற ஆன்மாவுக்கு மீளப் பிறப்பில்லை என்பது நமது சித்தாந்தம். இங்கே உவமை நின்றுவிடுகின்றது. மாணவன் கேட்குமுன் நாமே இதனைச் சொல்லிவிடின், மற்றவற்றில் அவன் நம்மை நம்புவான்.

இரசகுளிகையாற் செம்பு பொன்னாம் என்னும் பழைய உவமையும் அவ்வாறே. அணுவெண் 29 உடையது எந்த அடுப்பிலும் எந்த மருந்திலும் 79 ஆகாது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே சீபோர்க்கு என்பவரும் அவருடன் ஆராய்ந்தவர்களும், அணுவெண் 83 உடைய பிசுமதிலிருந்து அணுக்கரு முறையாற் சிறிதளவு பொன்னை ஆக்கினர்; அதற்கான செலவு அப்பொன்னின் விலையைப் பன்மடங்கு விஞ்சியது. அது குளிகை செய்யும் வேலையன்று. இதனை மறுத்துப் பேசி நாம் நகைப்பிடமாதல் வேண்டா. சிவஞானசித்தியார் இவ்வுவமையை எடுத்து ஆராயுமிடத்து, இறைவனுக்குப் பொன்னை ஒப்பாக்காது, களிம்பறுக்குங் குளிகையையே ஒப்பாக்குகின்றது. களிம்பு நீக்கமே அங்கு வலியுறுத்தப்படுவது. நூலாசிரியர் தங் காலத்தில் அறியப்பட்ட தொழிலொன்றை உவமையாகக் கொண்டார். இரசவாதம் கற்பித்தல் அவர் கருத்தன்று.

பாடசாலை ஆய்கூடமுள்ளோர் இதனைக் கண்ணெதிரே காட்டலாம். பச்சைநிறச் செப்புக்காபனேற்றுப் பொடியிற் சிறிதைச் சோதனைக்குழாயிலிட்டு மெல்லச் சுடுக, பச்சை கருமையாகும், வெளிப்படும் வாயு சுண்ணாம்பு நீரைப் பால்போலாக்கும். பின்பு அக்கரும்பொடியுடன் நன்கு உலர்ந்த கரித்தூளைக் கூட்டிக் கலந்து, மேலும் கரித்தூளால் மூடி வன்மையாகச் சுடுக. செப்புச்சேர்வைகள் நஞ்சாதலின் பிள்ளைகள் கையை வாயில் வையாதபடி பார்த்துக்கொள்ளல் வேண்டும். குழாய் முற்றும் ஆறுமளவும் கலவையைக் கொட்டலாகாது. சூட்டோடு காற்றுப்படின் செம்பு மீண்டுங் கறுத்துவிடும். ஆறியபின் நீர்நிறைந்த கிண்ணத்திற் கொட்டிக் கலக்குக. கரித்தூள் மேலே மிதக்கும். அடியிற் படிவதைக் கழுவியெடுத்து வெள்ளைக் கடதாசியில் இட்டால், செந்நிறத் துணுக்குகளைப் பிள்ளைகள் காண்பர்.