இடித்துரைக்கும் ஒலிபெருக்கி

இனிமை தருபவன் நண்பனா, உண்மை உரைப்பவன் நண்பனா என்னும் வினா மிகப் பழையது. அவ்வினா இன்று வீட்டு மேசையின்மீதும் எழுந்து நிற்கிறது. வீட்டிலேயே பாடலைப் பதிவு செய்து சீரமைக்க விரும்புவோர், ஒலிப்பதிவுக் கூடங்களுக்குரிய 'ஸ்டூடியோ மானிட்டர்' என்னும் ஒலிபெருக்கிகளை வாங்கித் தம் கணினியுடன் இணைக்கின்றனர். முதற்பாடலைக் கேட்டதும் அவர்களுள் பலர் ஏமாற்றம் அடைகின்றனர். நேற்றுவரை தேனாய் இனித்த பாடல் இன்று வறண்டு ஒலிக்கிறது.

குறை ஒலிபெருக்கியில் இல்லை. வீட்டில் கேட்டு மகிழ்வதற்கென அமைந்த ஒலிபெருக்கிகளுள் பல, தாழ்ந்த ஒலிகளையும் உயர்ந்த ஒலிகளையும் சற்றே மிகுத்துக் காட்டும். மானிட்டரோ, வந்த ஒலியைக் கூட்டாமலும் குறைக்காமலும் வழங்க முயல்வது. முன்னது முகமன் கூறுவது, பின்னது இடித்துரைப்பது.

முகமன் கேட்டு மகிழ்வதில் தீங்கு என்ன என்று கேட்கலாம். ஓய்வு நேரத்தில் பாட்டுக் கேட்பவனுக்குத் தீங்கு ஒன்றும் இல்லை. ஆயின், பாட்டை உருவாக்குபவனின் நிலை வேறு. தாழ்ந்த ஒலியை மிகுத்துக் காட்டும் ஒலிபெருக்கியை நம்பியவன், அவ்வொலி அளவுக்கு மீறியதாக எண்ணிக் குறைத்துவிடுவான். அவன் அறையில் அப்பாடல் நிறைவாக ஒலிக்கும்; பிறர் வீட்டிலோ உயிரற்று மெலிந்து ஒலிக்கும். முகமனால் மகிழ்ந்தவன் ஒருவன். அதன் விளைவைச் சுமப்போர் பலர்.

1978ஆம் ஆண்டில் யமாஹா நிறுவனம் என்.எஸ்.10 என்னும் ஒலிபெருக்கியை, வீட்டில் இசை கேட்போருக்காகவே வெளியிட்டது. அவர்களிடையே அதற்கு நல்ல வரவேற்புக் கிட்டவில்லை. ஆனால், ஒலிப்பதிவுக் கூடங்கள் அதனை விரும்பி ஏற்றன. 2001ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்ற பின்னரும், அதன் வெண்ணிறக் கூம்பினைப் பல கூடங்களில் காண முடிந்தது. அது குற்றமற்ற துலாக்கோலும் அன்று. தாழ்ந்த ஒலியில் அது வலுக்குன்றியது. மனிதக் குரல் பெரிதும் உலவும் இடைநிலை ஒலிகளையோ முனைப்பாகக் காட்டியது. அதனாலேயே அங்குள்ள பிழைகள் மறைய இடமின்றிப் போயின. இடித்துரைப்பவர் முழுநிறைவு உடையவராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. அவர் இயல்பை நாம் அறிந்திருந்தால் போதும்.

உண்மை உரைக்கும் கருவியை வாங்குவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. கணினியின் காதொலிப்பான் துளையில் நேரே இணைத்தால், கணினியின் உள்ளிரைச்சலும் உடன் வரக்கூடும். ஆகவே 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்னும் கருவியை இடையே வைத்து, சமநிலைக் கம்பிவடத்தால் இணைப்பர். அவ்வடத்தின் இரு கம்பிகளிலும் ஒரே ஒலிக்குறிப்பு எதிரெதிராகச் செல்கிறது. வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றாகவே படிவதால், முடிவில் அது நீக்கப்படுகிறது. இரு ஒலிபெருக்கிகளும் கேட்பவர் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஒலி பெருகி, மெய்யும் திரிந்துவிடும். உண்மை செவியை எட்டுவதற்குக் கேட்பவனும் இடம் அமைத்துத் தர வேண்டும்.

இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத மன்னன், பகைவர் இன்றியும் கெடுவான் என்றார் வள்ளுவர். அரசவைக்குரிய அவ்வறம் வகுப்பறைக்கும் பொருந்தும். மாணவன் கட்டுரையின் அடியில் 'நன்று' என்று மட்டும் எழுதித் தரும் ஆசிரியர் அவனை அன்று மகிழ்விக்கிறார். பிழையைச் சுட்டும் ஆசிரியரோ, அவன் எழுத்து நாளை அயலார் கையிலும் நிற்குமாறு செய்கிறார். அச்சொல்லை ஏற்கும் வகையில் தன் உள்ளத்தைச் செம்மை செய்துகொள்வது மாணவனின் பங்கு.

இனிமை வேண்டாததன்று. ஆயினும், உண்மையில் தோய்ந்து திருத்தம் பெற்ற பாடலே எவர் வீட்டிலும் இனிக்கும்.