அபயதானமும் இல்லத்துப் பூனையும்



ஆகாரம், மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை இளமை முதலே கேட்டு வருகிறோம். முதல் மூன்றும் நம் கைக்கு எளியவை. முனிவர் எழுந்தருளுங்கால் ஆகாரம் அளிக்கிறோம். நோயுற்றார்க்கு மருந்து வாங்கித் தருகிறோம். பர்வ நாள்களில் நூல் அச்சிட்டு வழங்குகிறோம். அபயதானம் என்றதும், கொலைக்களம் செல்லும் ஆட்டை விலை கொடுத்து மீட்பது மட்டுமே நினைவுக்கு வருகிறது. அதுவும் அபயமே, ஐயமில்லை. ஆயினும் அபயம் என்ற சொல்லின் நேர்ப்பொருள் அச்சமின்மை. உயிரைக் காப்பது ஒன்று. அவ்வுயிரின் நடுக்கத்தைப் போக்குவது மற்றொன்று. நம் வீட்டுப் பரணில் மூன்று நாளாக உண்ணாமல் பதுங்கிக் கிடக்கும் பூனைக்கு நாம் என்ன அளித்தோம்?

பூனைக்காக ஓர் அறவுரையா எனச் சிலர் புன்முறுவல் செய்வர். செய்யட்டும். உணவு, அச்சம், இணைவிழைச்சு, பற்று என்னும் நான்கு சஞ்ஞைகள் பிறவியில் உழலும் எல்லா உயிர்க்கும் உண்டென ஆகமம் கூறுகிறது. மோகனீய வினையின் பகுதியாகிய நோகஷாயம் ஒன்பதனுள் பயமும் ஒன்று. எனவே பூனையின் அச்சம் அதன் குறும்பன்று, பிடிவாதமுமன்று, வினை உதயம். அதுவோ ஐம்பொறியுடன் மனமும் பெற்ற உயிர். மனமுடைய விலங்கு நற்காட்சி பெறவும், ஐந்தாம் குணத்தானம் வரை உயரவும் கூடும் என்பது நம் நூல்களின் முடிபு. சமவசரணத்தின் பன்னிரு கணங்களுள் ஒன்று விலங்குகளுக்கென்றே அமைந்தது. அங்கே பூனையும் எலியும் அருகருகே அச்சமின்றி அமர்ந்திருக்கும் எனப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

மேல்சித்தாமூரில் நாம் வணங்கும் பார்சுவநாதர், எரியும் கட்டையினுள் அகப்பட்ட பாம்புகளுக்கு இறுதி நேரத்தில் ஆறுதல் அளித்தார். அவை தரணேந்திரனும் பத்மாவதியுமாயின. சீவகன், அடிபட்டுச் சாகும் நாயின் செவியில் மந்திரம் ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. இருவரும் அவ்வுயிர்களின் உடலைக் காக்கவில்லை என்பதை நோக்குக. அச்சத்தோடு போகவிருந்த உயிரை அமைதியோடு போகச் செய்தனர். யசோதர காவியத்தில் அரசனும் அவன் தாயும் மயிலாகவும் நாயாகவும் பிறந்து, தாம் ஆண்ட அதே அரண்மனைக்கே வந்து சேர்கின்றனர். அக்கதையைக் கேட்டு வளர்ந்த நாம், வாயிற்படியில் வந்து நிற்கும் உயிரை அந்நியம் என்று எளிதில் சொல்லிவிட இயலாது.

இங்கு ஒரு தடை எழும். பூனை வளர்த்தல் சிராவகர்க்குத் தகுமா? சுவாமி கார்த்திகேயர் அருளிய அனுப்ரேட்சை நூல், பூனை முதலிய கொடிய விலங்குகளை வைத்திருத்தலை அனர்த்ததண்டத்துள் அடக்குகிறது. தடை நியாயமானதே. எலி பிடிக்கட்டும் என்று பூனையைக் கொண்டுவந்து வளர்ப்பது, கொலையை அதன் வாயால் செய்விப்பதாகும். அதனை நாம் ஒருபோதும் ஆதரியோம். ஆனால் தானே வந்து ஒதுங்கியதன் நிலை வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை கரை மீறிற்று. அந்நாள்களில் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் திண்ணையிலும் மாடிப்படியின் அடியிலும் வந்து புகுந்த பூனைகளை எவரும் விரும்பி அழைக்கவில்லை. அடைக்கலம் புகுந்ததை விரட்டுக என்று எந்த ஆசாரியரும் கூறவில்லை.

நாமறிந்த திண்டிவனத்து இல்லம் ஒன்றில் அவ்வாறு வந்த பூனை தங்கிவிட்டது. அடுத்த ஆண்டு அவர்கள் ஓடு பிரித்துத் தளம் போட்டனர். கல் வெட்டும் இயந்திரத்தின் ஓசையில் அது இரண்டு நாள் காணாமற் போயிற்று. வேலை முடிவதற்குள் மகனுக்கு விழுப்புரத்திற்கு மாற்றலாயிற்று. மருமகள் பூனையைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவிடலாம் என்றார். "பாட்டி, நம்மையும் சாக்குல கட்டித்தான் புது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்களா?" என்று பேரன் கேட்டானாம். அதன்பின் சாக்குப் பேச்சு எழவில்லை.

அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறும்: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உண்டியும் நீரும் தடுத்தல். சாக்கில் கட்டுவது முதலாவது. பழகிய உணவிடத்திலிருந்து பிரித்து அறியாத கரையில் விடுவது ஐந்தாவது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் வளர்த்த விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. சட்டம் நமக்குப் பிந்தி வந்தது. அதிசாரம் முன்பே சொல்லப்பட்டது.

இனிச் செய்ய வேண்டுவது யாது? பூனைக்கு வீடு என்பது சுவரன்று, மணம். தன் கன்னத்தைக் கதவிலும் தூணிலும் நம் காலிலும் தேய்க்கிறதே, அது கொஞ்சல் மட்டுமன்று. கன்னத்துச் சுரப்பியின் மணத்தால் ‘இது என் இடம்’ என்று எழுதி வைக்கிறது. நாம் சுண்ணாம்பு அடித்து, பினாயில் ஊற்றிக் கழுவி, பழைய பாயை வெளியே எறிந்ததும் அவ்வெழுத்து அனைத்தும் ஒரே பகலில் அழிந்துபோகிறது. ஓசையும் அவ்வாறே. நம் செவி நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். பூனையின் செவி 60,000க்கு மேலும் கேட்கும். நமக்கு எரிச்சலூட்டும் இயந்திரம் அதற்கு எத்தகையதாக இருக்கும் என்று கருதிப் பாருங்கள்.

ஆசிரியப் பயிற்சியில் எமக்கு முதலில் கற்பித்த விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. முதல் வகுப்பில் சேர்ந்த நாளன்று வாயிலைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளையை இழுத்து உள்ளே அமர்த்திய வகுப்பில் அப்பிள்ளை பல நாள் பேசுவதில்லை. அதன் கையில் வீட்டுப் பொம்மையை விட்டுவைத்த வகுப்பில் மூன்றாம் நாளே பலகையில் எழுதுகிறது. பூனைக்கும் விதி இதுவே.

புது வீட்டில் முதலில் ஓர் அறை போதும். அது படுத்த பழந்துணியைத் துவைக்காமல் அங்கே இடுக. அதே கிண்ணம், அதே வேளை. ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி கட்டாயம் வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்திற்குப் புதிதாக வந்த 19 பூனைகளுள் பெட்டி பெற்றவை மற்றவற்றினும் விரைவில் அமைதியடைந்தன. பதுங்கியதைக் காலைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துத் தடவுவது அன்பு போலத் தோன்றும். அதற்கு அது பிடிபட்ட வேட்டையே. எதிரே உறுத்து நோக்காமல், சற்று விலகி அமர்ந்து கண்ணை மெல்ல மூடித் திறந்தால் அதுவும் அவ்வாறே செய்யும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் இதனைச் சோதித்தறிந்துள்ளனர். சாமாயிகம் செய்பவர் அவ்வறையிலேயே ஓர் ஓரத்தில் அமரலாம். அசையாமலும் பேசாமலும் இருப்பவரைக் கண்டு எவ்வுயிரும் அஞ்சுவதில்லை. இரண்டு மூன்று வாரம் வெளியே விடலாகாது. விட்டால் பழைய வீட்டைத் தேடி நெடுஞ்சாலையில் இறங்கிவிடும்.

ஒரு நாள் முழுதும் உண்ணாதிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. உபவாசம் நமக்கு வினை நீக்கும் தவம். பூனைக்கோ சில நாள் பட்டினியே ஈரலில் கொழுப்பு சேரும் கொடிய நோயைத் தரும். தயிர்சோறு மட்டும் ஊட்டுவோர்க்கும் ஒன்று கூற வேண்டும். டாரின் என்னும் பொருளைப் பூனையின் உடல் போதிய அளவு தானே ஆக்கிக்கொள்ளாது. அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். இல்லத்தில் ஊன் சமைக்க நாம் கூறவில்லை, கூறவும் மாட்டோம். செயற்கையாக ஆக்கிய டாரினைச் சேர்க்கும் வழியை மருத்துவரிடம் கேட்டறிக. நம் நோன்பைக் காக்க அதன் கண்ணைக் கெடுப்பது, முன்சொன்ன ஐந்தாம் அதிசாரத்தின் வாயிலிலேயே நம்மை நிறுத்தும்.

குறுக்கே பூனை போயிற்று என்று பயணத்தைத் தள்ளி வைப்போர் நம்மிடையே இன்னும் உளர். அது உலகமூடம். மூன்று மூடங்களை விட்டொழித்தோம் என்று சொல்லிக்கொண்டே, நம் அச்சத்தை ஓர் ஏழை விலங்கின் தலையில் ஏற்றுகிறோம். நாம் அதற்கு அஞ்சுகிறோம். அது நமக்கு அஞ்சுகிறது. யார் முதலில் நிறுத்துவது?

திண்டிவனத்துக் குடும்பத்தின் பூனை விழுப்புரம் வந்து எட்டு நாள் கட்டிலுக்கடியிலேயே இருந்தது. இரவில் மட்டும் உண்டது. பாட்டனார் முணுமுணுத்தார், பேரன் கிண்ணத்தை இடம் மாற்றாமல் வைத்து வந்தான். ஒன்பதாம் நாள் அது வெளியே வந்து பழைய மரப்பெட்டியின்மேல் கன்னத்தைத் தேய்த்தது. புதிய சோபாவை இன்றும் அது தீண்டுவதில்லையாம். மருமகளுக்கு அதில் மகிழ்ச்சியே.

வரும் தை மாதத்தில் புதுமனை புகுவிழா வைத்திருப்போர் ஒன்றை மட்டும் முன்கூட்டிச் செய்க. மேளமும் விருந்தினரும் வருமுன், முதல் நாள் இரவே பூனையை அதன் பழந்துணியுடனும் பெட்டியுடனும் பின்னறையில் விட்டு, நீர் வைத்து, கதவில் ‘திறவாதீர்’ என்று எழுதி ஒட்டுக. அபிஷேகமும் பூசையும் முடிந்து, விருந்தினர் சென்று, பந்தற்காரர் கழிகளை ஏற்றிச் சென்ற பின்னர் கதவைச் சிறிதே திறந்து வைத்தால் போதும். அழைக்க வேண்டா.