கோயில் அழியின் தலமும் அழியுமோ?

இறைவன் எங்கும் நிறைந்தவனெனின் அவனுக்கு ஓரிடத்திற் கோயில் எதற்கு? அக்கோயில் இடியுண்டால் அத்தலத்தின் தெய்வத்தன்மையும் உடனொழியுமோ? இவ்விரு வினாக்களையும், யான் இளமையிற் கற்ற மிஷன் பாடசாலையில் ஆசிரியரொருவர் என்னை வினாவினார். அன்று விடை பகர அறியேனாய்த் தலைகுனிந்து நின்றேன். ஐம்பதாண்டு கடந்த இன்று விடை கூற முயல்கின்றேன்.

அன்பர்காள்! திருக்கோணமலையை நோக்குமின். கடலினின்றும் செங்குத்தாய் எழுந்த அம்மலைமேல் விளங்கிய கோணேசர் கோயில் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாராற் பாடப்பெற்றது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, கொன்ஸ்தந்தீனு டி சா என்னும் போர்த்துக்கேயத் தளபதியின் காலத்தில், அஃது இடித்தழிக்கப்பட்டது. அதன் கற்களைக்கொண்டு அருகே கோட்டை கட்டினர். அக்கோட்டையை 1639இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலரும் கைப்பற்றினர்.

கோயிலில்லை, விமானமில்லை, திருவுருவமில்லை. எனினும் அடியார் வரவு ஒழிந்திலது. வெறும் பாறை விளிம்பில் நின்று தேங்காய் உடைத்து, பூவும் பழமும் கடலிலே இட்டு வழிபட்டனர். 19ஆம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலர் இதனைக் கண்டு எழுதியும் வைத்தனர்.

ஈண்டு ஒன்று சிந்திக்கற்பாலது. கோட்டைச் சுவரிற் புகுந்தது கோயிலிலிருந்த அதே கல். அதனை எவரும் தொழுதிலர். கோயிலொழிந்த வெறுமலையையே தொழுதனர். ஆகலின், சைவர் கல்லையே வணங்குகின்றனர் என்பார் கூற்று இத்தலத்தின் வரலாற்றாலேயே மறுக்கப்படுகின்றது. யூதரும், கி. பி. 70இல் உரோமர் அழித்த எருசலேம் ஆலயத்தின் எஞ்சிய மதிலருகே இன்றும் நின்று பிரார்த்திக்கின்றனர். விவிலியங் கற்பித்த என் ஆசிரியர் அதனை மூடத்தனமென்று கூறார்.

அற்றேல், மனக்கோயிலே அமையும், புறக்கோயில் வேண்டா என்பாரும் உளர். அவர் பூசலார் நாயனாரைச் சான்று காட்டுவர். அது பொருந்தாது. பூசலார் முதலிற் கற்கோயில் எடுக்கவே பொருள் தேடினார். கிடையாமையால், முறை வழுவாது மனத்திலே கட்டினார். பொருளிருந்துங் கட்டாதார்க்கு அவர் துணையாகார். மெய்கண்டதேவரும் சிவஞானபோதத்தின் இறுதிச் சூத்திரத்தில், அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழும்படி விதித்தார். நிலத்தின்கீழ் எங்கும் நீருண்டு. தாகந் தணிவதோ கிணற்றடியிலே.

யான் வாழும் அலுவிகாரையிலும் இதற்கொரு சான்றுண்டு. வாய்மொழியாகவே வந்த திரிபிடகத்தைக் கி. மு. முதலாம் நூற்றாண்டிலே பௌத்த பிக்குகள் இங்கே ஏட்டில் எழுதுவித்தனர். பஞ்சத்தாலும் போராலும் ஓதுவார் மாய்ந்தால் ஓத்தும் மாயுமென அஞ்சினர். நினைவு பெரிது, ஆயினும் நினைவார் இறப்பர். ஆதலின் நினைவுக்கு ஏடு வேண்டும்; அன்புக்கு ஆலயம் வேண்டும்.

1950ஆம் ஆண்டு திருக்கோணமலையிற் கிணறு தோண்டியபொழுது, புதையுண்டிருந்த செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. கோயில் மீள எழுந்தது. 1963இற் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெறும் பாறையிற் பூவிட்ட கைகளே அத்தலத்தைக் காத்தன. அக்கைகள் ஓய்ந்திருப்பின், மண்ணினின்று வந்த திருமேனிகள் காட்சிச்சாலைப் பொருள்களாய் முடிந்திருக்கும்.

நிற்க. அந்நியரைப் பழித்தல் எளிது. நம்மூர்க் கோயிலை ஒருவேளைப் பூசையும் விளக்குமின்றி விடுபவர் யாவர்? போர்த்துக்கேயரோ? படையால் அழிந்த கோயிலை அன்பு மீட்டது. மறதியால் அழியுங் கோயிலை எது மீட்கும்? ஆசிரியரின் வினாவுக்கு யான் கண்ட விடை இதுவே: இடித்தலால் தலம் அழியாது, மறத்தலால் அழியும். இன்று மாலையே உம்மூர்ச் சந்நிதியில் ஒரு விளக்கு ஏற்றுமின்.

திருச்சிற்றம்பலம்.