சீறலின் மூலம்

அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளும், பெரம்பலூர் வழியே திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளும் காற்றுக்கு நம்பியிருப்பது சாலையோரப் பஞ்சர் கடைக் கம்ப்ரசரைத்தான். வீட்டிலுள்ள சிறிய கம்ப்ரசரும் ஏறக்குறைய அதே அமைப்பு. அது மக்கர் செய்ததும் பழைய இரும்புக்குப் போடுவது பெரும்பாலும் அவசர முடிவு. மோட்டார் நின்ற பிறகும் பிரஷர் சுவிட்சின் அடியில் காற்று சீறிக்கொண்டே இருந்தால், குற்றம் பொதுவாகச் சுவிட்சில் இல்லை. தொட்டிக்குள் போன காற்றைத் திரும்ப விடாமல் தடுக்க வேண்டிய ஒருவழி வால்வில் இருக்கிறது. வால்வின் அடைப்பு தேய்ந்தாலோ அதில் அழுக்குச் சேர்ந்தாலோ காற்று பின்னோக்கி வரும். சீறும் இடத்தைப் பார்த்துச் சுவிட்சை மாற்றுபவர் பணத்தையும் இழக்கிறார், பழுதையும் வைத்துக்கொள்கிறார்.

அழுத்தக் காற்றில் கைவைப்பது ஆபத்தல்லவா என்று கேட்கலாம். நியாயமான அச்சம்தான். மின் இணைப்பைத் துண்டித்து, காற்றை முழுவதும் வெளியேற்றி, அழுத்தமானி பூஜ்யம் காட்டிய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். துருப்பிடித்து அரித்த தொட்டியைப் பற்றவைத்து ஓட்டவே கூடாது; அது வெடிக்கும். ஆனால் தொட்டிக்குரிய அந்தத் தீர்ப்பை ஒரு சிறிய வால்வுக்கும் நீட்டுவது சரியல்ல. தொட்டியைத் துருவேற்றுவதும் உள்ளே தேங்கும் நீர்தான். அடியிலுள்ள வடிகால் திருகை வேலை முடிந்ததும் திறந்துவிட்டால் அது வடிந்துவிடும்.