வெல்ல இயலாத எதிரி

2016 மார்ச்சில் சியோல் நகரில், 'கோ' ஆட்டத்தின் மாபெரும் வீரர் லீ செடோல், 'ஆல்ஃபாகோ' என்ற கணினி நிரலிடம் 4–1 என்ற கணக்கில் தோற்றார். 361 சந்திகளில் கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் அந்த ஆட்டம் கணினிக்கு எளிதில் வசப்படாது என்றே பலரும் நம்பியிருந்தனர். 2019 நவம்பரில் லீ விலகினார். முதலிடத்தை அடைந்தாலும் வெல்ல இயலாத ஒன்று மேலே நிற்கிறது என்பதை அவர் காரணமாகக் கூறினார்.

சதுரங்கத்திற்கு அந்த நாள் 1997இலேயே வந்துவிட்டது. காஸ்பரோவ் 'டீப் ப்ளூ'விடம் தோற்ற ஆண்டு அது. இன்று சட்டைப்பையில் உள்ள கைபேசியே உலக சாம்பியனை வென்றுவிடும். ஆயினும் 2018 நவம்பரில் கொல்கத்தாவில், 48 வயது விசுவநாதன் ஆனந்த், தம்மினும் மிக இளையவரான நாகமுராவைச் சமநிலை முறிக்கும் ஆட்டத்தில் வென்று பிளிட்ஸ் பட்டம் பெற்றபோது, எந்த இயந்திரத்தாலும் அம்மகிழ்ச்சி குறையவில்லை.

அப்படியானால் லீ தவறிழைத்தாரா? முதலிடமே ஆட்டத்தின் பொருள் என்று கொண்டால், அவரது முடிவு நேர்மையானது. ஆனால் அந்த அளவுகோலின்படி, கொல்கத்தாவின் கோர்க்கி சதனில் காய் நகர்த்தப் பயின்ற எத்தனையோ சிறுவர்கள் முதல் நாளே எழுந்து சென்றிருக்க வேண்டும். தம்மை வெல்ல வல்லவர் ஒருவர் மேலே இருக்கிறார் என்பதை அறிந்தேதான் உலகில் ஏறக்குறைய எல்லோரும் ஆடி வந்திருக்கிறார்கள். அந்த அறிவு வாய்க்காதவர் சிகரத்தில் நின்ற ஒருவர் மட்டுமே. இயந்திரம் அவரையும் மற்றவர்களோடு உட்கார வைத்தது.

லீயின் ஆட்டங்களில் இன்றும் வியந்து பேசப்படுவது நான்காம் ஆட்டத்தின் 78ஆவது காய். முதல் மூன்றையும் இழந்து, தொடர் கைநழுவிய பிறகு அவர் வைத்தது அது.