உயிரை உண்டாக்கினால் பயப்பட வேண்டியது யார்?



போன மாதம் ஆம்பூரில் நடந்த வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து கேட்ட கேள்வி இன்னும் என் உள்ளத்தைக் குடைந்துகொண்டே இருக்கிறது. வேலூரில் பயோடெக்னாலஜி படிக்கிற பிள்ளை. "அங்கிள், லேப்ல புதுசா ஒரு செல்லையே உண்டாக்கப் பாக்கறாங்களாம். அது நடந்துட்டா நம்ம விசுவாசம் என்னாகும்?" என்று கேட்டான். முன்வரிசையில் இருந்த மூப்பர் ஒருவர், "அதெல்லாம் பிசாசின் தந்திரம், உக்காருப்பா" என்று சொல்லிவிட்டார். தம்பி உட்கார்ந்தான், முகம் வாடிவிட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றைக்குச் சொல்லாத பதிலை இன்று எழுதுகிறேன்.

அப்படி என்னதான் செய்கிறார்கள்? நான் பெரிய படிப்பு படித்தவன் அல்ல. 31 வருஷம் தோல் ஷாப்பில் வேலை செய்தவன். ஆனால் தோல் வேலை தெரிந்தவனுக்கு என்ஸைம் என்றால் என்னவென்று தெரியும். சுண்ணாம்பிலிருந்து எடுத்த தோல் விறைத்துக்கொண்டு நிற்கும். அதற்குப் பேட்டிங் பொடி போட்டு டிரம்மில் சுற்றவிட்டால் கொஞ்ச நேரத்தில் பட்டுப்போல மெத்தென்று ஆகிவிடும். அந்தப் பொடியில் இருப்பதுதான் என்ஸைம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நொதி என்று போட்டிருப்பார்கள். நாளாகிற வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொடுக்கிற வேலைக்காரன் அது.

நம் சரீரத்திலும் இதே வேலைக்காரர்கள்தான். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது அதற்குள் இருக்கிற மரபு எழுத்துக்களை அப்படியே நகல் எடுப்பது என்ஸைம்தான். 2020-ல் மூக்கில் குச்சி விட்டு கொரோனா டெஸ்ட் எடுத்தார்களே, அந்த மெஷினுக்குள் நடந்ததும் இதுதான். கண்ணுக்குத் தெரியாத கொஞ்சத்தை என்ஸைம் போட்டு இரண்டு, நான்கு, எட்டு என்று கோடிக்கணக்காகப் பெருக்கித்தான் கண்டுபிடித்தார்கள்.

இங்கேதான் முடிச்சு. என்ஸைமைச் செய்கிற குறிப்பு மரபு எழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்தை நகல் எடுக்கவோ என்ஸைம் வேண்டும். அப்படியானால் முதலில் வந்தது எது? என்ஸைமே இல்லாத நாளில் எழுத்து தன்னைத்தானே நகல் எடுத்திருக்க முடியுமா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் போனவர் கலிபோர்னியாவில் சால்க் நிறுவனத்தில் இருந்த லெஸ்லி ஆர்கல். ஷூ கம்பெனியில் பேட்டர்னை வைத்து அப்பர் வெட்டுகிறோம் அல்லவா? அதைப்போல ஆர்.என்.ஏ. என்கிற இழை ஒன்றைப் பேட்டர்னாக வைத்தார். அதன் எழுத்துக்கள் நான்கு: ஏ, யு, ஜி, சி. ஏ-க்கு எதிரில் யு, ஜி-க்கு எதிரில் சி வந்து உட்காரும். தனித்தனி எழுத்துக்களுக்கு முதலிலேயே கொஞ்சம் ரசாயன வீரியம் ஏற்றிவிட்டால், எந்த என்ஸைமும் இல்லாமலே அவை பேட்டர்னைப் பார்த்து வரிசையாகக் கோத்துக்கொள்கின்றன என்று 1980-களில் காட்டினார்.

செல் என்றால் அதற்கு ஒரு தோலும் வேண்டுமே! சோப்பு செய்கிற கொழுப்பு அமிலத்தால் ஆன சின்னக் குமிழியைத் தோலாக வைத்துப் பார்த்தார்கள். அங்கே ஒரு சங்கடம். எழுத்துக்கள் கோப்பதற்கு மக்னீசியம் வேண்டும். மக்னீசியம் இருந்தால் குமிழி உடைந்துவிடும். நம் ஊர் உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகிறதே, அதே சங்கதி! 2013-ல் கேட் அடமாலாவும் ஜாக் ஸோஸ்டாக்கும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எலுமிச்சம்பழப் புளிப்பிலிருந்து வருகிற சிட்ரேட்டைச் சேர்த்தார்கள். குமிழியும் உடையவில்லை, உள்ளே நகல் எடுப்பதும் நடந்தது.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. புனேயில் உள்ள ஐஸர் நிறுவனத்தில் சுதா ராஜமணி என்கிற சகோதரியின் ஆய்வுக்கூடம் உயிரின் தொடக்கத்தைத்தான் ஆராய்கிறது. அவர் அமெரிக்காவில் இருந்தபோது மற்றவர்களோடு சேர்ந்து 2010-ல் வெளியிட்ட ஒரு காரியம் என்னைப் பிடித்துக்கொண்டது. என்ஸைம் இல்லாத நகலில் தப்பு அதிகம் விழும். ஆனால் தப்பான எழுத்து ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டால், அடுத்த எழுத்து சேர ரொம்பத் தாமதமாகிறதாம். அதனால் சரியான நகல் முந்திக்கொள்கிறது, தப்பான நகல் பிந்திவிடுகிறது. இதை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருகிறேன்.

இத்தனைக்கும் இன்றுவரை முழு வெற்றி கிடைக்கவில்லை. நகல் எடுத்தபின் பழைய இழையும் புது இழையும் இறுக ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைப் பிரித்து, மறுபடி நகல் எடுத்து, தலைமுறை தலைமுறையாகத் தானே பெருகுகிற செல் இன்னும் உண்டாகவில்லை.

"பாத்தீங்களா, முடியல! தேவன்தான் ஜெயிச்சார்!" என்று சிலர் சொல்லுவீர்கள். பிரியமானவர்களே, அப்படிச் சொல்லாதீர்கள். விஞ்ஞானிக்கு முடியாத இடத்தில்தான் தேவன் இருக்கிறார் என்று சொன்னால், அவனுக்கு ஒவ்வொன்றாக முடிய முடிய நம் தேவனுடைய வீட்டுக்கு இடம் குறைந்துகொண்டே போகும். அது விசுவாசமா? 1978-ல் இங்கிலாந்தில் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை பிறந்தபோதும் உலகமெங்கும் ஜனங்கள் பயந்தார்கள். இன்று நம் சபைகளிலேயே அப்படிப் பிறந்த பிள்ளைகளைக் கையில் ஏந்தி ஜெபிக்கிறோம். அந்தப் பிள்ளைகளால் சிருஷ்டிகர் சிறியவராகிப் போனாரா? இல்லையே! எழுத்துக்கள் தானாக ஜோடி சேருகிறதென்றால், அப்படிச் சேரும்படி எழுத்துக்களை வைத்தது யார் என்கிற கேள்வி அப்படியே நிற்கிறது. அதை எந்த ஆய்வுக்கூடமும் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது.

ஆகவே தேவனுக்காக நாம் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது நமக்காகத்தான். ஏன் என்று சொல்லுகிறேன்.

நான் வாலிபனாய் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஷாப்பின் சுண்ணாம்புத் தண்ணீரும் குரோம் தண்ணீரும் வாய்க்கால் வழியாய்ப் பாலாற்றுக்குப் போகும். மதகைத் திறந்துவிடுகிறது சில நாள் என் கைதான். அது எங்கே போகிறது, என்ன செய்யும் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. ஷூ நன்றாய் வந்தது, சம்பளம் வந்தது, தசமபாகமும் கொடுத்தேன். பிறகு ஆற்றோரம் இருந்த எங்கள் அத்தை வீட்டுக் கிணறு உப்பாகிப் போனது. தென்னை காய்ந்தது. "ஏன்டா, இந்தத் தண்ணியை மாடு கூட குடிக்க மாட்டேங்குது" என்று அத்தை சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவன் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். கெடுதல் முழுவதும் நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். தன் தொழிலால் தீங்கில்லை என்று காட்டவேண்டிய பாரம் தொழில் செய்கிறவன் மேல் இருக்கிறது. இந்திய தேசத்துக்கே சட்டமான இந்த வார்த்தைகள் நம் ஆற்றின் கண்ணீரில் பிறந்தவை!

இதையே உயிரை உண்டாக்கப் பார்க்கிறவர்களிடமும் கேட்க வேண்டும். "நீ செய்வியா?" என்பதல்ல, "செஞ்சா அதுக்கு நீ பொறுப்பு ஏப்பியா?" என்பதே கேள்வி.

அவர்களிலும் சிலர் இதைக் கேட்டுக்கொண்டார்கள். ஆம்பூர்க்காரருக்குச் சொன்னால் உடனே புரியும். இடது கால் ஷூ வலது காலுக்குச் சேராது. உயிருள்ள எல்லாவற்றிலும் மரபு இழைகள் ஒரே கால் ஷூவாகத்தான் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அடியிலிருந்து செல் கட்டத் தெரிந்தால், மறுகால் ஷூவாக, கண்ணாடியில் தெரிகிற பிம்பம்போல ஒரு கிருமியையும் ஒருநாள் கட்டலாம். அப்படி ஒன்று வெளியே வந்தால் நம் சரீரத்தின் எதிர்ப்புச் சக்தி அதை அடையாளம் காணாமல் போகலாம். பயிருக்கும் மிருகத்துக்கும் அதே ஆபத்து. அதற்குக் குறைந்தது 10 வருஷமாவது ஆகும் என்று 2024-ல் கணித்தார்கள். ஆனாலும் 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் ஒன்றாய் எழுந்து, ஆபத்தில்லை என்று உறுதியாகும்வரை இதைச் செய்யக்கூடாது என்று எழுதினார்கள். பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிற தீபா அகாஷே அதில் ஒருவர். சிட்ரேட்டைப் போட்டுக் குமிழியைக் காப்பாற்றிய அடமாலாவும் ஸோஸ்டாக்கும் அதில் இருக்கிறார்கள்! அறிவு இருந்தது, ஆசையும் இருந்தது. ஆனாலும் நின்றார்கள்.

தப்பு எழுத்து விழுந்த இடத்தில் நகல் தாமதிக்கிறது என்று சொன்னேனே. அந்த மூலக்கூறுக்குப் புத்தியும் இல்லை, மனச்சாட்சியும் இல்லை. அது வெறும் ரசாயனம். அதுவே தப்புக்குப் பின் ஓட முடியாமல் நிற்கிறது. புத்தியும் மனச்சாட்சியும் பெற்ற நான் வருஷக்கணக்காய் நிற்காமல் மதகைத் திறந்தேன்.

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தோட்டம் மனுஷன் கையில் வந்தபோது வேலை ஒன்றல்ல, இரண்டு கொடுக்கப்பட்டது. பாடுபட்டு விளையச் செய்வது ஒன்று. பத்திரமாய்ப் பார்த்துக்கொள்வது மற்றொன்று. முதல் வேலையில் மனுஷன் கெட்டிக்காரன். இரண்டாவதில்தான் விழுந்து விழுந்து எழும்புகிறான்.

அதனால் அந்தத் தம்பிக்குச் சொல்லுகிறேன்: நீ படி. பயப்படாதே. ஆய்வுக்கூடத்துக்கும் போ. போகும்போது உன் விசுவாசத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகாதே. "இது வெளியே போனா யாருடைய கிணறு கெடும்?" என்று அங்கே கேட்பதற்கு ஒருவன் வேண்டும். அந்த ஒருவனாய் நீ இரு.

மூப்பர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் கேள்வி கேட்டால் "உக்காரு" என்று சொல்லாதிருப்போம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் அந்தத் தம்பியோடு உட்காரப்போகிறேன். எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். ஆமென்.