கற்பனையும் அமானிதமும்

சரித்திரக் கதைகளை நாம் விரும்பிப் படிக்கிறோம். அவற்றுள்ளும், பாடநூல்கள் இரண்டு வரியில் கடந்துவிடும் காலத்தைப் பற்றிய கதை நம்மை இறுகப் பற்றுவதேன்?

கி.பி. 1492இல் கிரனாடா வீழ்ந்ததை நம்மில் பலர் அறிவோம். ஸ்பெயின் முஸ்லிம்களின் வரலாறே அத்துடன் முடிந்ததாகவும் எண்ணுகிறோம். முடிந்தது ஆட்சி; மக்கள் அங்கேயே இருந்தனர். பின்னர் வற்புறுத்தி ஞானஸ்நானம் செய்விக்கப்பட்டு, 'மொரிஸ்கோக்கள்' என்னும் பெயருடன் வாழ்ந்தனர். 1567ஆம் ஆண்டு ஆணை அவர்களுடைய அரபு மொழியையும் மரபுடையையும் தடுத்தது. 1609இல் நாடுகடத்தல் தொடங்கிற்று. இடைப்பட்ட 117 ஆண்டுகளை யார் நினைக்கிறார்கள்?

எகிப்திய எழுத்தாளர் ரள்வா ஆஷூர் நினைத்தார். 1994இல் தொடங்கி அவர் வெளியிட்ட கிரனாடா நாவல்களின் நாயகர் சுல்தான் அல்லர். நூல் கட்டும் தொழிலாளி அபூ ஜஃபரும் அவர் குடும்பமுமே. அத்தகைய எளியோரின் இல்லத்துக்குள் வரலாற்றாசிரியரின் பேனா நுழைவதில்லை. சான்று மௌனமாகும் இடத்தில் கற்பனை பேசுகிறது. கவர்ச்சியின் இரகசியம் இதுவே.

நன்னோக்கத்தோடு புனைந்த ஹதீஸையும் நம் முஹத்திஸ்கள் தள்ளினார்களே, கதையும் பொய்யன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று என்பதே நம் துணிபு. ஹதீஸைப் புனைந்தவன் அதை மெய்யெனச் சாதித்தான். கதாசிரியரோ 'இது கதை' என்று முகப்பிலேயே அறிவித்துவிடுகிறார்.

ஆயினும் பொறுப்பு அத்துடன் தீராது. அறிந்த காலத்தைத் திரித்தால் வாசகர் கண்டுகொள்வார். அறியாத காலத்தைத் திரித்தாலோ, உரைத்துப் பார்க்க அவரிடம் உரைகல் இல்லை; கதையே வரலாறாக நெஞ்சில் பதிந்துவிடும். ஆகவே, வாசகரின் அறியாமை எழுத்தாளருக்குக் கிடைத்த சுதந்திரம் அன்று, ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆட்களைப் படைக்கலாம், ஆணைகளைப் படைக்கலாகாது. நம்மவரை மலக்குகளாகவும் பிறரை ஷைத்தான்களாகவும் தீட்டுவதும் அமானித மோசடியே.

1884இல், ஸ்பெயினின் அல்மொனாசித் என்னும் ஊரில் பழைய வீடொன்றை இடித்தபோது, மறைவான தளத்தின் அடியில் மொரிஸ்கோக்களின் கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன. அவற்றுட் பல, அரபு எழுத்தில் எழுதப்பட்ட ஸ்பானிய மொழி. அரபுத்தமிழ் கண்ட நமக்கு அவற்றின் அருமை சொல்லாமலே விளங்கும். ஒளித்தவர் நெஞ்சில் மிகுந்திருந்தது அச்சமா, நம்பிக்கையா? ஏடுகள் கூறவில்லை. அதைக் கூற முயல்வது கதையின் பணி. ஏடுகள் கூறியதை மாற்றாதிருப்பது அதன் அறம்.